கோடு போட்டவன் தேய்க்கணும்

என் மேல்வரிசையில் ஒரு பல் கட்டுப்பல். அசல் பல்லை எடுத்தது பல் டாக்டர் இல்லை, ஒரு பெயின்டர். புதுவாயல் கூட்டு ரோட்டில் நானும் அவரும் ஒரே கொட்டகையில் பல வருஷம் தொழில் செய்தோம். அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்தது. நான் டிங்கர், வண்டியில் விழுந்த நசுங்கலைத் தட்டி நிமிர்த்துவேன். அதன் மேல் பள்ளம் தூர்க்கும் பட்டிப் பசை வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. பல் போன கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிட வேண்டும்.

அவருக்குப் பேர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் பெயின்டர், எனக்கு மட்டும் அண்ணன். குள்ளம்தான், ஆனால் கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்து மூட்டை மாதிரி இருக்கும். முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். தின்னர் வாசனையில் கண் எப்போதும் சிவந்திருக்கும். குடித்திருக்கிறார் என்று புதிதாய் வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு சொட்டு தொட்டதில்லை. குடிக்காமலே அப்படி.

கோபக்காரர் என்று சொன்னால் போதாது. கோபக்காரனுக்கு முதலில் கோபம் வரும், அப்புறம் கை வரும். இவருக்குக் கைதான் முதலில் வரும். அடித்த பிறகு நிதானமாக உட்கார்ந்து கோபப்படுவார்.

கொட்டகைக்கு வந்த புதிதில் நான் பார்த்த முதல் அடி, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பேக்டரியில் மேனேஜராக இருந்தவருக்கு விழுந்தது. ஃபியட் வண்டி, பால் நிறம். பின்கதவிலிருந்து முன்விளக்கு வரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு கீறல். எவனோ ஆணியை வைத்து நடந்துகொண்டே இழுத்திருக்கிறான்.

"யாரு சார் போட்டது?" என்றார் பெயின்டர்.

"யாரும் இல்லப்பா. தானா ஆயிடுச்சி. மேலாக்க ஒரு கை அடிச்சிக் குடு, போதும்."

"தானா ஆவறதுக்கு இது இன்னா அம்மையா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மேனேஜரின் கண்ணாடி என் காலடியில் கிடந்தது. அந்த மனுஷர் டை கட்டியிருந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், அவர் போலீசுக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாகப்பிரிவினைத் தகராறில் கீறியது தம்பிதான். பெயின்டர் ஒரு வாளித் தண்ணீரையும் வாட்டர் பேப்பரையும் தம்பி கையில் கொடுத்து, "தேய்" என்றார்.

இதுதான் அவருடைய முறை. கீறலை அழிக்க வேண்டுமானால் மேலே பூசினால் ஆகாது. உப்புத்தாள் மாதிரி இருக்கும் அந்த வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, சுற்றியுள்ள பெயின்டை எல்லாம் தகரம் தெரியும் வரைக்கும் தேய்த்து எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவன் அரை நாள் தேய்த்தால் விரல் நுனித் தோல் பிய்ந்து தண்ணீர் சிவக்கும். பழகிய பெயின்டர் பேப்பரை மடித்துக் கட்டையில் சுற்றிக்கொள்வார். கீறியவனுக்குக் கட்டை கிடையாது. "கோடு போட்டவன்தான் தேய்க்கணும். அவன் தேய்க்காம நான் பட்டி வெக்க மாட்டேன்" என்பார். அந்த மேனேஜரின் தம்பி தேய்த்தார். சாயங்காலம் தேய்த்து முடிக்கும்போது அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் இது ஊரெல்லாம் பரவியது. கல்கத்தா ரோட்டில் லாரிகள் பெருத்துக்கொண்டிருந்த காலம். பேக்டரிக்காரர்கள் நிலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், நிலம் விற்றவர்கள் வண்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வண்டி வாங்கினால் பத்துப் பேருக்கு வயிறு எரியும். எரிகிற வயிறு ஆணியைத் தேடும். எளாவூர் செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும்போது கீறுவார்கள், கல்யாண வீட்டு வாசலில் கீறுவார்கள், கோயில் வாசலில் செருப்பை விட்ட கையோடு கீறுவார்கள். கீறல் பட்ட வண்டியெல்லாம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. பெயின்டுக்கு வந்தவர்களைவிட நியாயம் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். சந்தேகப்பட்டவனைப் பிடித்து இழுத்து வருவார்கள். பெயின்டர் கீறலில் விரலை வைத்துத் தடவுவார். ஆணியா, சாவியா, காசா, உயரமானவனா, இடக்கைக்காரனா என்று சொல்லுவார். பிறகு அறைவார். அவன் ஒப்புக்கொள்வான். தேய்ப்பான். எதிரே டீக்கடையில் கூட்டம் நின்று பார்க்கும்.

அறைந்த பிறகு ஒப்புக்கொண்டார்கள் என்பதை அந்தக் காலத்தில் யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருமுறை எளாவூரில் சாப்பாட்டு மெஸ் நடத்தும் அம்மா தன் சின்ன வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். புருஷன் இல்லாத பொம்பளை, தன் உழைப்பில் வாங்கிய வண்டி. கதவில் கோணல் எழுத்தில் ஒரு வார்த்தையை எவனோ கீறியிருந்தான். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"இன்னாடா டிங்கரு, இன்னா எழுதியிருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"வேணாம் ணா."

காதைப் பிடித்துத் திருகினார். காதுக்குள் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. உடனே தன் சட்டையைக் கழற்றி வாளியில் நனைத்து, அந்த எழுத்தின் மேல் ஒட்டினாற்போலப் போட்டு மூடினார். வெற்றுடம்போடு நின்று அந்தம்மாவிடம், "நீ ஊட்டுக்குப் போம்மா. வண்டி வரும்" என்றார். அதற்குள் டீக்கடையில் ஒருத்தன் அந்த வார்த்தையை வாய்விட்டுப் படித்துச் சிரித்துவிட்டான். பெயின்டர் ரோட்டைக் கடந்து போனார். அவன் கையிலிருந்த டீ கிளாஸைப் பிடுங்கி அவன் கன்னத்திலேயே உடைத்தார். கிழிந்த கன்னத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு அவனைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்.

மறுநாள் அந்தம்மாவே வந்து கேட்டாள். "ஏன்யா அவனை அப்படி அடிச்ச? எழுதினவன் எவனோ, இவன் படிச்சான், அவ்ளோதானே?"

"எழுதினவன் கெடைக்கற வரிக்கும் படிச்சவன்தான்" என்றார்.

அவருக்காக உயிரைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதும் அன்றைக்குத்தான். அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கப் பயந்ததும் அன்றைக்குத்தான்.

அந்த மனுஷன் யாரையும் திட்டாத ஒரே நாள் போகிக்கு முந்தின நாள். அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாட்டுக்காரர்கள் கொட்டாங்கச்சியும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வருவார்கள். மாட்டுக் கொம்புக்கு அடிக்கப் பெயின்ட் வேண்டும். வருஷம் முழுக்க லாரிகளுக்கு அடித்து டப்பாவின் அடியில் மிஞ்சியதை எல்லாம் பெயின்டர் சேர்த்து வைத்திருப்பார். இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் கலந்து, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறம் செய்து ஊற்றுவார். "உன் மாடு செவலை, பச்சை எடுக்கும். உன்னுது வெள்ளை, நீலம் வெச்சிக்க நைனா" என்று கொஞ்சிக் கொஞ்சிக் கொடுப்பார். மாட்டுப் பொங்கலன்று புதுவாயலிலிருந்து கவரப்பேட்டை வரைக்கும் மாடுகள் எல்லாம் எங்கள் லாரி நிறத்தில் நடக்கும். கொட்டகை வாசல் கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்தக் கல்லில்தான்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கச்சி புருஷன். எங்கள் பக்கத்திலேயே ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் கார் டிரைவராக இருந்தார். மெலிந்த உடம்பு, பேச்சு குறைவு. ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்ல மாட்டார். முதலாளி மகன் காரை எடுத்துப்போய் ஒரு ஆட்டின் மேல் ஏற்றிவிட்டான். ஆட்டுக்காரன் வந்து கத்தியபோது, "நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு" என்றார் முதலாளி. மச்சான், "நான் ஓட்டல முதலாளி" என்று ஆட்டுக்காரன் எதிரிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கே வேலை போயிற்று. பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது இது.

மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் முதலாளியின் புது அம்பாசிடர் கொட்டகைக்கு வந்தது. கறுப்பு வண்டி. பக்கவாட்டில் ஆழமாக ஒரு கீறல், முடிகிற இடத்தில் மேலே வளைந்திருந்தது. முதலாளியே இறங்கி வந்தார்.

"எவன்னு சொல்லணுமா? போனவன் வயித்தெரிச்சல்" என்றார். பேரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பெயின்டர் விரலை வைத்துத் தடவினார். நகத்தால் சுரண்டி வெயிலில் பார்த்தார். நகத்தில் மஞ்சளாக ஏதோ மின்னியது. "பித்தளை" என்றார். மச்சானிடம் பித்தளைச் சாவி வளையம் ஒன்று இருந்தது. அமாவாசைக்குத் திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலுக்குப் போனபோது வாசல் கடையில் வாங்கியது, நாமம் போட்டது. எப்போதும் விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருப்பார். கூட்டு ரோட்டில் அதைப் பார்க்காதவர் கிடையாது.

"ணா, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. என் தங்கச்சி ஊட்டுக்காரரு ணா."

"உன் தங்கச்சி ஊட்டுக்காரன்னா கையி இருக்காதா? முடியிற எடத்துல கையைத் தூக்கியிருக்கான் பாரு. அத்தனை ஆத்திரம்."

மச்சான் அன்று மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பெயின்டர் அவரைச் சட்டையைப் பிடித்து ரோட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அடி. லாரிகள் நின்றன. டீக்கடை எழுந்து வந்தது. வாளியை எட்டி உதைத்து மச்சான் முன்னால் தள்ளி, "தேய்" என்றார்.

"நான் போடல" என்றார் மச்சான்.

அறை. "தேய்."

"நான் போடல. நான் தேய்க்க மாட்டேன்."

மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போனது. கீழே விழுந்தவரை வயிற்றில் மிதித்தார். தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தார். எல்லாரும் மூன்றாவது அடியில் ஒப்புக்கொள்வது வழக்கம். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒரே வார்த்தை ஆமான்னு சொல்லித் தொலைய்யா" என்று யாரோ கெஞ்சினார்கள்.

நான் சுத்தியலோடு ஓடினேன். பெயின்டர் தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். அசையவில்லை. திரும்பாமலே முழங்கையால் என் வாயில் இடித்தார். நான் சொன்ன பல் அப்போது போனதுதான். விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். மச்சானின் வலது கையைப் பிடித்து, கார் கதவு இடுக்கில் வைத்து, "இந்தக் கைதானே?" என்று கேட்டார்.

"நான் போடல" என்றார் மச்சான்.

கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் வேண்டாம். நான்கு விரல். டிரைவர் கை. மச்சான் கத்தினார், ஆனால் கத்தும்போதும் போடவில்லை என்றுதான் கத்தினார்.

அன்றோடு நான் அந்தக் கொட்டகையை விட்டேன். பட்டறைச் சாமானைக்கூட எடுக்கவில்லை. பிறகு நடந்ததை அங்கே வேலை செய்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தேய்க்க ஆள் இல்லாமல் கார் சும்மா நின்றது. முதலாளி ஆள் அனுப்பி அவசரப்படுத்தினார். வேறு வழியில்லாமல் பெயின்டரே தேய்க்க உட்கார்ந்தார். கீறியவன் கை படாமல் அவர் தேய்த்த முதல் வண்டி அதுதான். வாட்டர் பேப்பரைப் போட்டு இழுத்ததும் கீறலுக்குள்ளிருந்து நீலமாக ஏதோ கரைந்து வந்ததாம். வண்டி கறுப்பு. கீறலுக்குள் நீலம் எங்கேயிருந்து வந்தது? அதை விரலில் எடுத்து, முகர்ந்து, வெயிலில் ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று லாரி டப்பாவின் மிச்சத்தைக் கலந்து அவரே செய்த நீலம் அது. வேறு யாரிடமும் இருக்க முடியாது. மில் முதலாளியின் மாட்டுக்காரருக்கு, வெள்ளை மாட்டின் கொம்புக்கென்று, அவர் கையால் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தது.

நேராக மில்லுக்குப் போனார். தொழுவத்தில் அந்த மாடு நின்றது. நீலக் கொம்பு, நுனியில் பித்தளைக் குப்பி. ஒரு கொம்பில் மட்டும் நீலம் உரிந்திருந்தது. மாட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாட்டுப் பொங்கலன்று புதுக் காரையும் மாட்டோடு சேர்த்து நிறுத்தி, இரண்டுக்கும் மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். மாடு மிரண்டு கொம்பைக் காரில் பதித்து இழுத்து, தலையைத் தூக்கியது. வீடே பார்த்தது. முதலாளியும் பார்த்தார். "மாடு முட்டிச்சின்னு வெளிய தெரிஞ்சா புது வண்டிக்கு அபசகுனம்னு பேசுவானுங்க. வாயைத் தொறக்காதீங்கன்னாரு. அப்பால எப்படி அந்தப் புள்ள தலையில வந்து விழுந்துச்சின்னு எனுக்குத் தெரியாது சாமி" என்றாராம் மாட்டுக்காரர்.

எனக்கு நன்றாகத் தெரியும். மில் முதலாளி கீறலுக்கு நியாயம் கேட்டு வரவில்லை. ஆட்டுக்காரன் எதிரில் தன்னை அவமானப்படுத்தியவனை அடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. புதுவாயலில் அப்படி ஒரு கை சும்மா கிடைக்கும் என்று தெரிந்து வந்தார்.

பெயின்டர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், அவருக்குத் தெரிந்த விதத்தில் கேட்டார். கூட்டு ரோட்டில் போகிற வருகிறவன் சட்டையை எல்லாம் பிடித்து, "அந்த டிரைவர் கோடு போடல. சொல்லு, போடலன்னு சொல்லு" என்று உலுக்கினார். சொல்லாதவனை அறைந்தார். எல்லாரும் சொன்னார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. டிரைவர் தரப்பில் பெயின்டரைச் சரிக்கட்டிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. மச்சான் பேர் முன்னைவிடக் கெட்டது. முதலாளி வண்டியையே கீறியவன் என்று எந்த லாரிக்காரனும் அவரைக் கிட்டே சேர்க்கவில்லை. கை ஆறினாலும் வேலை கிடைக்காது என்றாகிவிட்டது.

ஒருநாள் காலையில் பெயின்டர் என் தங்கச்சி வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் அம்மி முன்னால் உட்கார்ந்து, வலது கையை அம்மி மேல் விரித்து வைத்தார்.

"போடு தங்கச்சி" என்றார்.

என் தங்கச்சி யோசிக்கவே இல்லை. குழவியைத் தூக்கிவிட்டாள். அதைப் பெருமையாகவே சொல்கிறேன். நான் தடுக்கவும் இல்லை. மச்சான்தான் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே, "வெச்சிடு" என்றார்.

"ஏன்? உங்க கையி மட்டும் கையா?"

"ஒடைச்சிட்டா அவருக்கு ஆறிடும். ஊட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவாரு. எனுக்கு இன்னா ஆவும்?" பிறகு பெயின்டரைப் பார்த்துச் சொன்னார். "பெயின்டரே, உன் கையி எனுக்கு வேணாம். என்னை எங்க போட்டு அடிச்சியோ அங்க நின்னு சொல்லு. எவன் மேலயும் கைய வெக்காம சொல்லு. நீ அடிச்சிச் சொன்னா எவன் நம்புவான்?"

பெயின்டர் அம்மி மேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை வெட்டிக்கொடு என்று கேட்டிருந்தால் அங்கேயே கொடுத்திருப்பார். இது அதைவிடக் கஷ்டம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. எழுந்து போய்விட்டார்.

அடுத்த சந்தை நாளில், கூட்டு ரோடு நிறைந்திருந்த நேரத்தில், மில் முதலாளியின் வெள்ளை மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாட்டுக்காரர் கயிற்றைக் கொடுத்தாரா, இவர் பிடுங்கிக்கொண்டாரா தெரியாது. எங்களுக்கும் ஆள் அனுப்பியிருந்தார். கையில் கட்டோடு மச்சான் வந்தார், கூட நானும் தங்கச்சியும்.

பெயின்டர் மாட்டை, கொட்டகையில் பாதித் தேய்ப்பில் நின்ற காரின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பித்தளைக் குப்பியைக் கீறலில் பொருத்திக் காட்டப் பார்த்தார். மாடு தலையைத் தாழ்த்தவே இல்லை. அசைபோட்டுக்கொண்டு நின்றது. கொம்பைப் பிடித்து இழுத்தார். அது சாணி போட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரைப் பார்த்துப் புதுவாயலில் யாரும் சிரித்ததில்லை. நான் மச்சானை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். இப்போது எவன் மண்டையோ உடையப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் கயிற்றை விட்டார். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டார். சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றார்.

"மாடு போட்ட கோடு இது. மில்லுக்காரருக்கும் தெரியும்" என்றார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "அந்த டிரைவர் போடல. போடலன்னு அம்பது வாட்டி சொன்னாரு. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்."

நம்பினார்கள். மாட்டைப் பார்த்து இல்லை. சிரித்தவனை அவர் அடிக்கவில்லை, அதைப் பார்த்து நம்பினார்கள். கூட்டம் திரும்பி மச்சானைப் பார்த்தது. ஒரு லாரி முதலாளி அங்கேயே அவர் தோளில் கை வைத்தார். கை கூடியதும் அவரிடமே வேலைக்குச் சேர்ந்து, இரண்டு விரல் மடங்காமலே விஜயவாடா வரைக்கும் மச்சான் வண்டி ஓட்டினார். மில் முதலாளியை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆள் வந்து மாட்டையும் காரையும் ஓட்டிக்கொண்டு போனான். அந்த மில் முதலாளி கடைசி வரை மரியாதையாக வாழ்ந்தார், பேரன் பேத்தி எடுத்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெயின்டர் பிறகு புதுவாயலில் இல்லை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறார் என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் பேசி முடித்ததோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டத்திலிருந்து ஒருத்தர் முன்னால் வந்தார். சோடா வண்டிக்காரர். முன்பு எப்போதோ ஒரு டாக்ஸியைக் கீறினார் என்று இதே கொட்டகையில் அடி வாங்கி, ஒப்புக்கொண்டு, விரல் கிழியத் தேய்த்தவர். பெயின்டரின் முகத்துக்கு நேரே நின்றார்.

"அப்போ என்னுது?" என்று கேட்டார்.

பெயின்டர் அவரைப் பார்த்தார். ஆணியா சாவியா என்று தடவிச் சொல்கிற அந்த மனுஷர் எவ்வளவோ யோசித்தார்.

"தெரியலப்பா" என்றார்.

சோடாக்காரர் அறைந்தார். பெயின்டர் கட்டிய கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து இன்னொருவன் வந்தான், அவனும் தேய்த்தவன்தான். அவனும், என்னுது என்று கேட்டான். தெரியல என்றார். செருப்பால் அடித்தான். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. அடிக்க மட்டும் வந்தார்கள். வாளியால் அடித்தார்கள், நான் விட்டுப்போன சுத்தியல் கட்டையால் அடித்தார்கள். கீழே விழுந்தார். விழுந்தபோதும் கை மார்பின் மேல்தான் இருந்தது.

மச்சான்தான் முதலில் உள்ளே பாய்ந்தார். ஒற்றைக் கையால் ஆட்களைத் தள்ளி, "போதும் உடுங்கடா, செத்துடப் போறாரு" என்று அலறிக்கொண்டு அவர் மேல் விழுந்து மறைத்தார். பெயின்டரின் ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண்ணால் மச்சானின் தோளுக்கு மேலே, வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார்.

"தள்ளு நைனா" என்றார். "இன்னும் ஆளு பாக்கி இருக்குது."